கேள்வி – பதில்: டிசம்பர் கட்டுரைச் சிறப்பிதழ்

அமெரிக்கக் கல்லூரிகளில் செமஸ்டர் முடிகிற நேரம். முதலாண்டு ரைட்டிங் கோர்ஸின் கடைசி ஆராய்ச்சிக் கட்டுரையோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளும், இங்கிருந்து வாட்ஸ்அப்பில் கவலைப்படும் பெற்றோரும் கேள்விகளாகக் குவித்துவிட்டார்கள். இந்த வாரம் முழுக்க அவர்களுக்கே.

ஒரு தந்தை, திருச்சி

கே: என் மகன் அட்லாண்டாவுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போனான். முதல் வருஷமே கட்டுரை எழுதச் சொல்கிறார்களாம். எதற்கு சார் இந்த வேண்டாத வேலை?

ப: 1874-ல் ஹார்வர்ட், நுழைவுத் தேர்வில் கட்டுரை எழுதச் சொன்னது. நல்ல நல்ல பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகளே திணறினார்கள். 1885-ல் முதலாண்டிலேயே 'இங்கிலீஷ் ஏ' என்று ஓர் எழுத்துப் பாடத்தை வைத்தார்கள். அது நாடெங்கும் பரவிவிட்டது. உங்கள் மகன் எழுதும் கோடு கம்ப்யூட்டருக்குப் புரிந்துவிடும். ஏன் அப்படி எழுதினான் என்பது மேனேஜருக்குப் புரிய வேண்டாமா?

முதலாண்டு மாணவி, ஆஸ்டின்

கே: 'சமூக ஊடகங்களின் தாக்கம்' என்று தலைப்பு எடுத்திருக்கிறேன். எப்படி இருக்கிறது?

ப: முழு வாழைத்தாரையும் ஒரே வாயில் போடப் பார்க்கிறீர்கள். எந்த ஊடகம்? யார்மேல் தாக்கம்? எப்போது? ஒரு பழத்தைப் பிய்த்துக்கொள்ளுங்கள்: 'இரவில் இன்ஸ்டாகிராம் பார்ப்பதை நிறுத்தினால் முதலாண்டு மாணவர்களின் தூக்கம் கூடுகிறதா?' இது தலைப்பு அல்ல, கேள்வி. கேள்வி பதிலைத் தேட வைக்கும். தலைப்பு கொட்டாவி விட வைக்கும்.

சென்னை மாணவர், பாஸ்டன்

கே: சொந்த ஊரின் தண்ணீர்ப் பிரச்சினையை எழுதுகிறேன். 'தீசிஸ்', அதாவது கட்டுரையின் மைய வாதம், வலுவாக இல்லை என்று பேராசிரியர் திருப்பித் திருப்பி அனுப்புகிறார். வலு என்றால் என்ன?

ப: மறுத்துப் பேச ஆள் இருப்பதுதான் வலு. 'மழைநீர் சேகரிப்பு நல்லது' என்றால் யார் மறுப்பார்கள்? 'வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிக்கச் சொன்ன 2003 உத்தரவைவிட, ஏரிகளைத் தூர்வாரியிருந்தால் சென்னைக்கு அதிக நீர் கிடைத்திருக்கும்' என்று எழுதிப் பாருங்கள். உடனே ஓர் இன்ஜினியர் கணக்கோடு எழுந்து நிற்பார். அவருக்குப் பதில் சொல்லும் ஆதாரம் உங்களிடம் இருந்தால் தீசிஸ் தயார். இல்லாவிட்டால், அவர் சொல்வதுதான் உங்கள் தீசிஸ்!

மாணவர், சியாட்டில்

கே: முன்னுரை, மூன்று பத்தி, முடிவுரை என்று பள்ளியில் கற்ற ஐந்து பத்திக் கணக்கு கல்லூரியிலும் செல்லுமா?

ப: அது மணி அடிப்பதற்குள் எழுதி முடிக்க ஏற்பட்ட கணக்கு. இங்கே எத்தனை பத்தி என்பதை உங்கள் வாதம் முடிவு செய்யட்டும். உண்மையான காரணம் இரண்டுதான் என்றால் இரண்டையே எழுதுங்கள். ஜோடித்த மூன்றாவது காரணம், நல்ல இரண்டையும் சேர்த்துச் சந்தேகத்தில் தள்ளிவிடும்.

அதே மாணவர், விடாமல்

கே: ஒவ்வொரு பத்தியும் 'டாபிக் சென்டன்ஸில்', அதாவது மையக் கருத்தைச் சொல்லும் வரியில்தான் தொடங்க வேண்டுமா?

ப: ரிச்சர்ட் பிராடக் என்ற ஆய்வாளர், அமெரிக்காவின் பெயர்பெற்ற இதழ்களில் வந்த கட்டுரைகளைப் பத்தி பத்தியாகப் பிரித்துப் பார்த்து 1974-ல் முடிவை வெளியிட்டார். டாபிக் சென்டன்ஸில் தொடங்கிய பத்திகள் சுமார் 13 சதவீதம்தான். ஆனாலும் தம்பி, நீங்கள் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். விதியை மீறுகிற உரிமை, அதைப் பின்பற்றத் தெரிந்தவருக்குத்தான்.

மாணவர், நியூ ஜெர்சி

கே: பத்துப் பக்கம் கேட்டார்கள். ஆறுதான் தேறியது. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் தெரியுமா?

ப: தெரியும். 12 பாயின்ட், இரட்டை இடைவெளி, சுற்றிலும் ஓர் அங்குலம். அந்த அளவு பேராசிரியரின் கண்ணிலேயே பதிந்திருக்கும். முற்றுப்புள்ளியை மட்டும் பெரிதாக்கும் வித்தையும் அவருக்குத் தெரியும். உங்கள் கட்டுரையில் குறைவது பக்கமல்ல, எதிர்க்கட்சி. உங்களை மறுப்பவர் என்ன சொல்வார் என்று ஒரு பக்கம் நேர்மையாக எழுதுங்கள். அதற்குப் பதில் சொல்லிப் பாருங்கள். பத்துப் பக்கம் போதாமல் போகும்.

மாணவி, சிகாகோ

கே: பக்கம் கூடினால் மதிப்பும் கூடுமா?

ப: ஜான் நாஷ் 1950-ல் பிரின்ஸ்டனில் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேடு முப்பது பக்கத்தைத் தொடவில்லை. 1994-ல் பொருளாதார நோபல். டி.என்.ஏ.வின் வடிவத்தை வாட்சனும் கிரிக்கும் 1953-ல் 'நேச்சர்' இதழில் சொல்லி முடிக்க ஒரு பக்கமும் கொஞ்சமும் போதுமாக இருந்தது. 1962-ல் நோபல். ஆனால் உங்கள் பேராசிரியர் பத்து என்றால் பத்துதான். நோபல் வாங்கிவிட்டு வாருங்கள், குறைத்துக்கொள்ளலாம்.

மாணவர், டல்லாஸ்

கே: எனக்கு நேர்மாறான பிரச்சினை. சொல்ல நிறைய இருக்கிறது, பக்கம் போதவில்லை!

ப: 17-ம் நூற்றாண்டில் கணித மேதை ஃபெர்மாவும் அதையேதான் சொன்னார். அருமையான நிரூபணம் இருக்கிறது, புத்தக ஓரத்தில் இடமில்லை என்று குறித்துவிட்டுப் போனார். உலகம் முன்னூற்றைம்பது ஆண்டு அலைந்தது. ஆண்ட்ரூ வைல்ஸின் நிரூபணம் 1995-ல் நூறு பக்கத்துக்கு மேல் அச்சானது. உங்களைத் தேடிக்கொண்டு யாரும் அவ்வளவு காலம் அலைய மாட்டார்கள். வாதத்துக்கு உதவாத பத்தியை வெட்டி, வேறொரு கோப்பில் போட்டு வையுங்கள். அடுத்த கட்டுரைக்கு ஆகும்.

மாணவி, சான் ஹோசே

கே: முதல் வரி வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

ப: மூன்றாவது பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பத்து நிமிடம் கையை நிறுத்தாமல், பிழை திருத்தாமல் எழுதச் சொல்லிப் பீட்டர் எல்போ 1973-ல் ஒரு புத்தகமே போட்டார். அதில் முக்கால்வாசி குப்பைக்குப் போகும். மிஞ்சும் கால்வாசியில் உங்கள் கட்டுரை இருக்கும். முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். யாரென்று தெரியாதவரை எப்படி அறிமுகம் செய்துவைக்க முடியும்?

அதே மாணவி

கே: 'அகராதியின்படி ஜனநாயகம் என்பது...' என்று தொடங்கலாமா?

ப: அகராதி பேராசிரியரிடமும் இருக்கிறது. உங்களிடம் மட்டும் இருப்பதைக் கொடுங்கள்.

மாணவர், ஹூஸ்டன்

கே: விக்கிபீடியாவை ஆதாரமாகக் காட்டலாமா?

ப: படிக்கலாம், காட்டக்கூடாது. ஆய்வுக் கட்டுரைக்குத் தன்னை ஆதாரமாக்க வேண்டாம் என்று விக்கிபீடியாவே சொல்கிறது. அந்தப் பக்கத்தின் அடிவாரத்துக்குப் போங்கள். அங்கே பட்டியலில் இருக்கும் நூலை எடுத்து, சொன்ன பக்கத்தைப் புரட்டி, சொன்னது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த நூலைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்குக் கட்டுரைக்கே விஷயம் கிடைத்துவிட்டது!

மாணவி, பிட்ஸ்பர்க்

கே: 'பிரைமரி சோர்ஸ்', 'செகண்டரி சோர்ஸ்' இரண்டும் குழப்புகிறது.

ப: 1913 ஜனவரியில் ராமானுஜன் சென்னையிலிருந்து கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் முதல் வகை. ராபர்ட் கனிகெல் 1991-ல் எழுதிய ராமானுஜன் வாழ்க்கை வரலாறு இரண்டாம் வகை. கடிதத்தில் ராமானுஜன் பேசுகிறார். புத்தகத்தில் ராமானுஜனைப் பற்றிக் கனிகெல் பேசுகிறார். இருவர் பேச்சையும் கேளுங்கள். கனிகெல் சொன்னதை ராமானுஜன் வாயில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

மாணவர், ஃபீனிக்ஸ்

கே: கூகுளில் முதல் பக்கத்தில் வருவது போதாதா? எதற்கு லைப்ரரி?

ப: உ.வே.சா. சீவக சிந்தாமணியை 1887-ல் பதிப்பிக்கும் முன் ஊர் ஊராக ஏடு தேடினார். ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபட்ட இடங்களை ஒப்பிட்டார். அது சமண நூல். தமக்குப் புரியாத இடங்களைக் கும்பகோணத்துச் சமணர்களிடமே போய்க் கேட்டார். கையில் கிடைத்த முதல் ஏட்டோடு அவர் நின்றிருந்தால் அந்த ஏட்டின் பிழைகளும் சேர்ந்து அச்சாகியிருக்கும். உங்கள் கல்லூரி நூலகத்தில் ரெஃபரன்ஸ் மேசையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கேள்வி கேட்டால் உதவுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அவரை வேலை வாங்காமல் டிகிரி வாங்காதீர்கள்.

மாணவி, டெட்ராய்ட்

கே: நாற்பது பி.டி.எஃப். இறக்கி வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் படிக்க வேண்டுமா?

ப: இறக்கியதெல்லாம் படித்ததாகாது. ஃபோல்டர் நிறைந்ததும் மனசும் நிறைந்துவிடுகிறது, அங்கேதான் கோட்டை விடுகிறோம். முதலில் எல்லாவற்றுக்கும் சுருக்கத்தையும் முடிவையும் மட்டும் படித்துப் பாதியைக் கழியுங்கள். மிஞ்சியதற்கு ஆளுக்கு இரண்டு வரி எழுதுங்கள்: இவர் என்ன சொல்கிறார், நான் எங்கே ஒத்துப்போகிறேன், எங்கே மாறுபடுகிறேன். அந்த இரண்டாவது வரி எதில் சூடாக வருகிறதோ, அதை வரி விடாமல் படியுங்கள்.

மாணவர், பால்டிமோர்

கே: எம்.எல்.ஏ., ஏ.பி.ஏ., சிகாகோ... மேற்கோள் காட்ட எதற்கு இத்தனை பாணி?

ப: எம்.எல்.ஏ. பாணியில் அடைப்புக்குறிக்குள் பெயரும் பக்க எண்ணும். ஏ.பி.ஏ. பாணியில் பெயரும் ஆண்டும். இலக்கியத்தில் அந்த வரி எந்தப் பக்கத்தில் என்று தேடிப் போவார்கள். உளவியலில் அந்த ஆய்வு பழசா புதுசா என்று முதலில் கேட்பார்கள். வரலாற்றுக்காரர்களுக்கு ஆவணத்தின் ஜாதகமே வேண்டும். அதனால் சிகாகோவின் அடிக்குறிப்பு. ஏ.பி.ஏ. விதிகள் 1929-ல் ஏழு பக்கமாகப் பிறந்தவை. இன்றைய ஏழாம் பதிப்பு நானூறு பக்கத்துக்கு மேல். காரணம் புரிந்துவிட்டால் கமா கசக்காது.

மாணவி, அதே பால்டிமோர்

கே: அடிக்குறிப்பில் கமா எங்கே, புள்ளி எங்கே என்றெல்லாம் யார்தான் உட்கார்ந்து பார்த்தார்கள்?

ப: கேட் டுராபியன் பார்த்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1930 முதல் 1958 வரை ஆய்வேடுகளுக்கான செயலர். மாணவர்களுக்காக 1937-ல் அவர் தொகுத்த சிறு கையேடு வளர்ந்து வளர்ந்து இன்றும் விற்கிறது. பேராசிரியர்கள் அறிவைப் பார்த்தார்கள், அந்த அம்மா கமாவைப் பார்த்தார். இரண்டிலும் தேறினால்தான் டாக்டர்!

தமிழாராய்ச்சி மாணவர், பிலடெல்பியா

கே: நூற்பட்டியலைத் தானே தயாரித்துத் தரும் இணையக் கருவியை நம்பலாமா?

ப: தமிழ்ப் பெயரில் மட்டும் நம்பாதீர்கள். குடும்பப் பெயர் எது என்று கருவி தேடும். நமக்கோ இருப்பது தலைப்பெழுத்து. உ.வே. சாமிநாதையரில் 'உ' என்பது உத்தமதானபுரம், 'வே' என்பது தந்தை வேங்கடசுப்பையர். தலைப்பெழுத்தை விரித்து, வரிசை மாற்றிப் போட்டால் சிந்தாமணியைப் பதிப்பித்தது ஓர் ஊர் என்றாகிவிடும். கருவி வேலை செய்யட்டும், கையெழுத்து நீங்கள் போடுங்கள்.

மாணவர், ஒஹாயோ

கே: அடுத்தவர் வாக்கியத்தில் நாலைந்து சொல்லை மாற்றிவிட்டால் திருட்டு ஆகாதே?

ப: மூலம் இப்படி என்று வையுங்கள்: 'வெள்ளத்துக்குக் காரணம் மழை மட்டுமல்ல, ஏரிகளின் மேல் எழுந்த கட்டடங்களும்தான்.' நீங்கள் எழுதுவது: 'பெருவெள்ளத்துக்கு ஏது மாரி மாத்திரமன்று, ஏரிகள்மீது எழும்பிய கட்டடங்களுமே.' சொல் மாறியது, சொன்னவர் மாறவில்லை. இதற்கு 'பேட்ச்ரைட்டிங்' என்று பெயர் வைத்தவர் ரெபெக்கா மூர் ஹோவர்ட் என்ற பேராசிரியர். புத்தகத்தை மூடுங்கள். ரூம்மேட்டிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். சொன்னபடியே எழுதுங்கள். அப்போதும் மூல ஆசிரியரின் பெயரைப் போடுங்கள். வாக்கியம் உங்களுடையது, சிந்தனை அவருடையது.

சந்தேகப் பிராணி, ஃப்ளோரிடா

கே: பழைய கட்டுரையை யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்?

ப: ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சர் குட்டன்பெர்க்கும் அப்படி நினைத்திருக்கலாம். 2011-ல் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டை இணையத்தில் முகம் தெரியாதவர்கள் கூடிப் பக்கம் பக்கமாகப் பிரித்தார்கள். பட்டம் போயிற்று, மார்ச் மாதம் பதவியும் போயிற்று. அடுத்த ஆண்டு ஹங்கேரியின் ஜனாதிபதி பால் ஷ்மிட்டும் இதே காரணத்துக்காகப் பதவி விலகினார். அச்சு இயந்திரம் தந்த கூட்டன்பர்க் வேறு ஆள், அவர் பாவம்!

பதறிய மாணவி, மினியாபோலிஸ்

கே: ஒப்புமை பார்க்கும் 'டர்னிடின்' மென்பொருள் 18 சதவீதம் காட்டுகிறது. நான் திருடியா?

ப: இல்லையம்மா. அது ஒப்புமையின் அளவு, திருட்டின் அளவல்ல. நீங்கள் முறையாகக் கொடுத்த மேற்கோளும், நூற்பட்டியலும்கூட அந்தக் கணக்கில் சேரலாம். நிறம் தீட்டிய ஒவ்வொரு வரியையும் திறந்து பாருங்கள். மேற்கோள் குறி இருக்கிறதா? பெயர் இருக்கிறதா? இருந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். மூன்று சதவீதத்தில் திருடியவரும் உண்டு, இருபத்தைந்தில் யோக்கியரும் உண்டு.

ஆய்வு மாணவர், மதுரை

கே: அமெரிக்காவை விடுங்கள். நமக்கு என்ன விதி?

ப: யு.ஜி.சி. 2018-ல் விதி கொண்டுவந்தது. ஆய்வேட்டில் ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்கவே முடியாது. அதற்கு மேல் போனால் பதிவே ரத்து. அமெரிக்காவை விட்டாலும் அவமானம் விடாது, தம்பி.

தமிழாசிரியர், தஞ்சாவூர்

கே: மேற்கோள் காட்டும் ஒழுக்கம் மேல்நாட்டுச் சரக்குதானே?

ப: ஐயா, தொல்காப்பியர் விதிக்கு விதி 'இது முன்னோர் சொன்னது' என்று சொல்லிக்கொண்டே போகிறார். உரையாசிரியர்கள் பழைய நூல்களிலிருந்து காட்டிய மேற்கோள்களால்தான், மூலம் தொலைந்த சில நூல்களின் வரிகளாவது நமக்கு மிஞ்சின. நன்றி சொன்னவர்கள் நூலையும் காப்பாற்றினார்கள்.

மாணவர், சான் டியேகோ

கே: சாட்ஜிபிடியை எழுதச் சொன்னால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுமே?

ப: நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் அப்படித்தான் மனுவை முடித்தார்கள். அது காட்டிய முன்தீர்ப்புகள் உலகத்திலேயே இல்லாதவை. 2023 ஜூனில் நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். உங்கள் கோர்ஸில் எவ்வளவு தூரம் அனுமதி என்று பேராசிரியரிடம் நேரடியாகக் கேளுங்கள். அனுமதித்த இடத்தில் பயன்படுத்துங்கள், பயன்படுத்தியதைச் சொல்லுங்கள். ஆனால் யோசிப்பதைக் குத்தகைக்கு விடாதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில் கட்டுரை முடியும், நீங்கள் தொடங்கியிருக்க மாட்டீர்கள்.

நேர்மையான மாணவி, டென்வர்

கே: நானே எழுதினேன். மெஷின் எழுதியது என்கிறார்கள். எப்படி நிரூபிப்பது?

ப: கண்டுபிடிக்கும் கருவிகளும் தவறும். ஓப்பன்ஏஐ நிறுவனம் தானே வெளியிட்ட கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து காட்டுங்கள். அடித்தது, திருத்தியது, ராத்திரி ஒரு மணிக்கு ஒரு பத்தியையே தூக்கியது எல்லாம் அதில் இருக்கும். குறிப்பு நோட்டையும் எடுத்துப் போங்கள். எழுதியவருக்குத் தடயம் உண்டு.

மாணவர், இண்டியானா

கே: ஆய்வுக் கட்டுரையில் 'நான்' வரலாமா?

ப: வாட்சனும் கிரிக்கும் 'நாங்கள்' என்றுதான் தொடங்கினார்கள். ஏ.பி.ஏ. விதியும் அனுமதிக்கிறது. 'கருதப்படுகிறது' என்று எழுதுகிறீர்களே, யார் கருதுகிறார்? ஆளில்லாத வாக்கியத்தை யார் வந்து ஜாமீனில் எடுப்பார்கள்? நீங்கள் கருதினால் நீங்களே நில்லுங்கள்.

கவலைப்படும் அம்மா, கும்பகோணம்

கே: டிராஃப்ட் முழுக்கச் சிவப்பு மையாம். மகள் ஃபோனில் அழுகிறாள்.

ப: முழுக்கச் சிவப்பு என்றால் முழுக்கப் படித்திருக்கிறார் என்று அர்த்தம். இன்று ராத்திரி அவளைக் கூப்பிட்டு, கட்டுரை எதைப் பற்றி என்று தமிழில் கேளுங்கள். அவள் சொல்லச் சொல்ல, 'சரி, அதனால என்ன?' என்று கேட்டுக்கொண்டே இருங்கள். எங்கே பதில் தடுமாறுகிறதோ அங்கேதான் கட்டுரையிலும் ஓட்டை. அப்புறம் கல்லூரியின் 'ரைட்டிங் சென்டருக்கு' அனுப்புங்கள். ஆங்கிலத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், வாதத்தை நீங்களே சரி செய்துவிடுவீர்கள்.

மாணவர், மிச்சிகன்

கே: முடிவுரையில் என்ன எழுதுவது? எல்லாம் சொல்லியாகிவிட்டது.

ப: அதையே திரும்ப எழுதினால் நன்னூல் பட்டியலிட்ட பத்துக் குற்றங்களில் 'கூறியது கூறல்'. சம்பந்தமில்லாத புதுக் கதை தொடங்கினால் 'மற்றொன்று விரித்தல்'. வேகமாகப் போய்ச் சுருதி இறங்கி ஓய்ந்தால் 'சென்று தேய்ந்திறுதல்'. பவணந்தி முனிவர் எண்ணூறு ஆண்டுக்கு முன்பே உங்கள் டிராஃப்டைத் திருத்திவிட்டார்! உங்கள் பதில் உண்மையென்றால் யார் எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எழுதுங்கள். அதுதான் முடிவுரை.

கடைசி நிமிட மன்னர், அட்லாண்டா

கே: கெடு இரவு 11:59. 11:58-க்கு ஏற்றினால் போதும்தானே?

ப: கெடு உங்களுக்குத் தெரியும், வைஃபைக்குத் தெரியாது. மாலை ஆறு மணிக்கு ஏற்றுங்கள். ஏற்றியதைத் திரும்ப இறக்கித் திறந்து பாருங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'உண்மையான ஃபைனல்' என்று மூன்று கிடக்கின்றன. போனது எது என்று பேராசிரியர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டாம்.

முடித்துவிட்ட மாணவி, ராலே

கே: கொடுத்துவிட்டேன்! கோர்ஸும் முடிந்தது. இனி என்ன?

ப: சபாஷ்! வயிறாரச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குங்கள். மதிப்பெண் வந்ததும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஓரத்தில் எழுதியிருப்பதையும் படியுங்கள். நீங்கள் கட்டிய ஃபீஸுக்கு, உங்கள் வாதத்தை வரி வரியாகப் படித்து ஒருவர் சொன்ன பதில் அது. பிறகு, இந்தக் கட்டுரையில் உங்களால் பதில் சொல்ல முடியாமல் போன ஒரு கேள்வியை நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த செமஸ்டரில் எல்லோரும் டாபிக் தேடி அலையும்போது, நீங்கள் லைப்ரரியில் முதல் புத்தகத்தைப் பிரித்திருப்பீர்கள்.